பூட்டை மாற்றினேன்... பீரோ திறக்கவில்லை!

சனிக்கிழமை சாயங்காலம் திருப்பூரிலிருந்து அண்ணன் போன் செய்தால், அது நலம் விசாரிக்க இருக்காது. அங்கே சனிக்கிழமை சம்பள நாள். அந்த நேரத்தில் அவருக்கு டீ குடிக்கக்கூட நேரம் கிடையாது.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். இருபது மெஷின் போட்டு பவர் டேபிள் நடத்துகிறார். போனை எடுத்ததும், “அம்மிணி, கணக்குப் பார்க்கற பையன் சண்டை போட்டுட்டுப் போயிட்டான். இனி வர மாட்டானாம். நீ உடனே அவன் பாஸ்வேர்டை மாத்திப்போடு. இல்லீன்னா வீட்டுல உக்காந்துக்கிட்டே உள்ள வந்துருவான்” என்றார்.

அந்தப் ‘பையனுக்கு’ 34 வயது. ஜி.எஸ்.டி. வந்த 2017-லிருந்து அங்கே இருக்கிறார். சம்பளத்தில் முன்பணம் கேட்டிருக்கிறார், அண்ணன் அடுத்த மாசம் பார்க்கலாம் என்றிருக்கிறார், பேச்சு வளர்ந்துவிட்டது. யார் பக்கம் நியாயம் என்று நான் விசாரிக்கவில்லை. குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் கேட்டதைச் செய்து பழக்கமாகிவிட்டது.

நான் இருப்பது சென்னையில். அந்தக் கம்ப்யூட்டர் இருப்பது சுமார் 450 கிலோமீட்டர் தள்ளி. ஆனால், தொலைவிலிருந்து திரையைப் பார்த்து இயக்கும் ஆப் ஒன்றை அதில் ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தேன். அண்ணனுடைய லாகினுக்கு அட்மின் அதிகாரம் உண்டு. அதில் நுழைந்து, கறுப்புத் திரையைத் திறந்து, ‘நெட் யூசர்’ என்ற கட்டளையை அடித்து, அந்தத் தம்பியின் பெயரைப் போட்டு, கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி வைத்தேன். நட்சத்திரம் வைத்தால், புதிய பாஸ்வேர்டை அடிக்கும்போது அது திரையில் தெரியாது. பக்கத்தில் நிற்பவர் படிக்க முடியாது. இரண்டு முறை அடித்தேன். கட்டளை வெற்றிகரமாக முடிந்தது என்று பதில் வந்தது.

மொத்தமே இரண்டு நிமிஷம். “முடிஞ்சுதுண்ணா” என்றேன். “எங்க அம்மிணின்னா அம்மிணிதான்” என்று போனை வைத்தார். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது சுருக்கென்றது. பாஸ்வேர்டை மாற்றினோம் சரி, அவர் ஏற்கெனவே உள்ளே இருந்தால்?

இது பலருக்குத் தெரியாத விஷயம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒருவருடைய பாஸ்வேர்டை மாற்றிவிட்டால், திறந்து கிடக்கும் அவருடைய லாகின் தானாக மூடிக்கொள்ளாது. வாசல் பூட்டை மாற்றினால் ஏற்கெனவே கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போய்விடுவாரா? தீய்ந்த தோசையை அப்படியே விட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். டாஸ்க் மேனேஜரில் ‘யூசர்ஸ்’ என்ற பக்கம் இருக்கிறது. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று அது காட்டும். சனிக்கிழமை அவர் கோபத்தில் எழுந்து போனபோது சைன் அவுட் செய்யவில்லை. அப்படியே இருந்தது. அங்கிருந்தே வெளியேற்றினேன்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. தொலைவிலிருந்து நுழையும் ஆப்பை நான் மட்டுமா வைத்திருந்தேன்? ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வசதியாக, அந்தத் தம்பியின் போனிலும் அதே ஆப்பைப் போட்டுக் கொடுத்தவள் நான்தான். அந்த ஆப்புக்குத் தனி பாஸ்வேர்ட். விண்டோஸ் பாஸ்வேர்டை மாற்றியதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் மாற்றினேன். இப்போது எல்லாம் பத்திரம் என்று நினைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தேன்.

திங்கட்கிழமை 20-ம் தேதி. ஜி.எஸ்.டி. கட்டுகிறவர்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னாலே புரியும். மாதாமாதம் கணக்கு தாக்கல் செய்பவர்கள் 3பி படிவத்தைப் போட வேண்டிய கடைசி நாள். பக்கத்து யூனிட்டிலிருந்து ஓர் அம்மாவை அரை நாளுக்கு அண்ணன் கூட்டி வந்திருந்தார். நான் கொடுத்த புது பாஸ்வேர்டைப் போட்டு, பழைய கணக்காளரின் லாகினில் நுழைந்தார்கள். டெஸ்க்டாப் வந்தது. ஃபைல்கள் எல்லாம் இருந்தன. குரோமைத் திறந்து ஜி.எஸ்.டி. தளத்துக்குப் போனால், பெயர், பாஸ்வேர்ட் இரண்டு பெட்டிகளும் காலி. இத்தனை வருஷமாகத் தானாக நிரம்பிக்கொண்டிருந்த பெட்டிகள் அவை. ஈ-வே பில் தளத்திலும் அதே கதை. நூல் கம்பெனிக்கு ஆர்டர் போடும் தளத்திலும் அப்படியே.

“அம்மிணி, எல்லாத்தையும் அழிச்சுட்டுப் போயிட்டான்” என்று அண்ணன் கத்தினார்.

அழித்தது அவர் இல்லை. நான்.

பாஸ்வேர்டை மாற்றுவதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, உரியவர் தன் பழைய பாஸ்வேர்டைச் சொல்லி, புதியதைப் போடுவது. இன்னொன்று, அட்மின் அதிகாரத்தோடு மேலே இருந்து ஒருவர், பழையது என்னவென்றே தெரியாமல் புதியதைத் திணிப்பது. முதலாவது மாற்றம். இரண்டாவதை ரீசெட் என்பார்கள். நாம் பேச்சில் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்கிறோம். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு.

நம் வீட்டு பீரோவை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிக்கதவுக்கு ஒரு பூட்டு, உள்ளே நகை வைக்கும் லாக்கருக்கு ஒரு பூட்டு. குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் போன்ற ரகசியங்களை விண்டோஸ் இந்த உள் லாக்கரில்தான் வைக்கிறது. உள் லாக்கரின் சாவி, உங்கள் பாஸ்வேர்டைக் கொண்டே பூட்டி வைக்கப்பட்டிருக்கும். நீங்களே பழைய பாஸ்வேர்டைச் சொல்லி மாற்றினால், விண்டோஸ் அந்தச் சாவியைப் பழையதால் திறந்து, புதியதால் மறுபடி பூட்டி வைத்துவிடும். எதுவும் போகாது. ஆனால், அட்மின் ரீசெட் செய்வது ஆசாரியைக் கூப்பிட்டு வெளிக்கதவுப் பூட்டை மட்டும் கழற்றி மாற்றுவது மாதிரி. கதவு திறக்கும். உள் லாக்கர் பழைய சாவியைத்தான் கேட்கும்.

இது கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் அட்மின் லாகினைப் பிடித்துவிட்டால், அடுத்தவருடைய ரகசியம் எல்லாம் அவர் கையில் விழுந்துவிடக் கூடாது அல்லவா? கட்டளை அடிக்காமல், விண்டோஸின் யூசர் நிர்வாகத் திரை வழியாக ரீசெட் செய்யப் போனால், இந்தக் கணக்கில் உள்ள சில தகவல்களைத் திரும்பப் பெற முடியாமல் போகலாம் என்று அது எச்சரிக்கும். கறுப்புத் திரையில் கட்டளையாக அடித்தால் அந்த எச்சரிக்கை வராது. கெட்டிக்காரத்தனமாகக் கறுப்புத் திரைக்குப் போனதற்கு எனக்குக் கிடைத்த பரிசு.

‘இதே வேலையைத்தானே ஆபீஸில் பார்க்கிறாய், உனக்குத் தெரியாதா?’ என்று கேட்பீர்கள். தெரியும், ஆனால் மறந்து போகிற மாதிரி தெரியும். பெரிய ஆபீஸ்களில் எல்லாக் கம்ப்யூட்டர்களும் ‘டொமைன்’ என்ற ஒரே குடையின் கீழ் இருக்கும். உள் லாக்கர்களைத் திறக்க ஓர் உதிரிச் சாவி தலைமை சர்வரிடம் இருக்கும். அதனால் அங்கே நாங்கள் தினமும் நாலு பேருக்கு ரீசெட் செய்தாலும் ஒன்றும் ஆகாது. தனியாக நிற்கும் ஒற்றைக் கம்ப்யூட்டருக்கு உதிரிச் சாவி கிடையாது. ஆபீஸ் பழக்கம் கையோடு வந்துவிட்டது.

“அவன் பழைய பாஸ்வேர்ட் என்னன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியுமல்ல, அதைப் பார்த்துச் சொல்லேன்” என்றார் அண்ணன். பலரும் கேட்கும் கேள்விதான் இது. கம்ப்யூட்டருக்கே தெரியாது. அரிசியை மாவாக அரைக்கிற மாதிரி, பாஸ்வேர்டை அரைத்து, அந்த மாவை மட்டும்தான் அது வைத்திருக்கும். நீங்கள் மறுபடி லாகின் செய்யும்போது, அடித்ததை மறுபடி அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கும். மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாது. பெல் லேப்ஸைச் சேர்ந்த ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும் 1979-ல் எழுதிய கட்டுரை இந்த விஷயத்தில் பிரபலம். இருவர் ஒரே பாஸ்வேர்டை வைத்திருந்தாலும் மாவு வேறு வேறாக இருக்க, அரைக்கும்போது தற்செயலான சில எழுத்துகளைச் சேர்க்கும் வழியை அதில் விளக்கினார்கள். அதன் பெயர் என்ன தெரியுமா? ‘சால்ட்’. உப்பேதான்!

சரி, திங்கட்கிழமைக்கு வருவோம். சேமித்த பாஸ்வேர்ட் போனால் போகட்டும், ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டது’ என்பதை அழுத்தினால் ஓ.டி.பி. வருமே என்று தைரியமாகச் சொன்னேன். பழைய மெயில்களில் தேடி யூசர் பெயரைக் கண்டுபிடித்து அழுத்தினோம். ஓ.டி.பி. அனுப்பியாகிவிட்டது என்றது தளம்.

அண்ணன் போனுக்கு வரவில்லை. மெயிலைப் பார்த்தோம். மெயில் முகவரியும் அண்ணனுடையது இல்லை.

2017-ல் பதிவு செய்தபோது, “என் போன் எப்பவும் பிஸிப்பா, உன் நம்பரையே போட்டுக்கோ” என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அந்தத் தம்பி தன் நம்பரையும் தன் மெயிலையும் போட்டுக்கொண்டார். அன்று முதல் ஒவ்வொரு மாதமும் அந்த ஓ.டி.பி. அவர் போனுக்குத்தான் போயிருக்கிறது. எந்த ஆளைச் சனிக்கிழமை இரவு பூட்டி வெளியே நிறுத்தினோமோ, அவருடைய சட்டைப் பையில்தான் கம்பெனியின் உண்மையான சாவி இருந்தது.

உங்கள் வீட்டிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடை, சின்ன கம்பெனி, அபார்ட்மென்ட் சங்கம், கோயில் கமிட்டி எதுவாக இருந்தாலும், வரித் தளம், வங்கி, மெயில் மூன்றிலும் பதிந்திருப்பது யாருடைய நம்பர்? ஜி.எஸ்.டி. தளத்தில், உள்ளே நுழைந்த பிறகு நம்பரை நாமே மாற்ற விண்ணப்பிக்கலாம். உள்ளேயே நுழைய முடியாவிட்டால், ஆவணங்களைத் தூக்கிக்கொண்டு நம் பகுதி வரி அதிகாரியிடம் போக வேண்டும். கடைசி நாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு அதற்கு நேரம் இல்லை. தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு 50 ரூபாய். கட்ட வேண்டிய வரிக்கு வட்டி தனி. ஒரு நாள் தாமதத்தில் பெரிய தொகை வராதுதான். ஆனால், இத்தனை வருஷத்தில் ஒரு மாதம்கூடத் தவறவில்லை என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். தவறாமல் பார்த்துக்கொண்டது யார் என்பது அன்றைக்குத்தான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். “நீயே கூப்பிடு” என்றார் என்னிடம். குரல் இறங்கியிருந்தது.

கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

“சொல்லுங்கக்கா.”

“தம்பி, உங்க போனுக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும்...”

“வந்துச்சுங்க்கா. நாலு தடவை வந்துருச்சு.” கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சனிக்கிழமை ராத்திரி 3பி கணக்கை முடிச்சு அண்ணனுக்கு மெயில் பண்ணிட்டு ஆப்பை எடுத்துரலாம்னு உள்ள போனேனுங்க. பாஸ்வேர்ட் தப்புன்னு வந்துச்சு. எட்டு வருஷங்க்கா. ஒரு மணி நேரம் பொறுக்கலையே” என்றார்.

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. மன்னிப்பு கேட்டேன். பிறகு, வேறு வழியில்லாமல், “அந்த நம்பரைச் சொல்றீங்களா?” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “ஓ.டி.பி.யை யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே எழுதுவீங்க? நானே நேர்ல வந்து போட்டுத் தர்றேனுங்க.”

மூன்று மணிக்கு வந்தார். ஐந்தரைக்குள் தாக்கல் முடிந்தது. பதிந்திருந்த நம்பரை அண்ணன் நம்பராக மாற்ற விண்ணப்பமும் அவரே போட்டுக் கொடுத்தார். பாக்கிச் சம்பளத்தை அண்ணன் அன்றே கொடுத்துவிட்டார். வேலைக்குத் திரும்பி வரச் சொல்லி அண்ணன் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. அந்தத் தம்பி இப்போது அவிநாசி ரோட்டில் வேறொரு கம்பெனியில் இருக்கிறார்.

அன்று நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவருடைய பாஸ்வேர்டைத் தொட்டிருக்கவே கூடாது. கணக்கை முடக்கி வைத்திருக்க வேண்டும். அதே ‘நெட் யூசர்’ கட்டளையிலேயே கணக்கைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்யும் வசதி இருக்கிறது. புதிதாக யாரும் நுழைய முடியாது, உள் லாக்கரும் அப்படியே இருக்கும். வேண்டும்போது மறுபடி திறந்துவிடலாம். இதற்கும் அதே இரண்டு நிமிஷம்தான். அல்லது, அவரிடமே போனில் பேசி, பழைய பாஸ்வேர்டைப் போட்டு அவரையே மாற்றச் சொல்லியிருக்கலாம். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பாஸ்வேர்டை மாற்றும் வசதி வரும். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத் தொலைவிலிருந்து செய்பவர்கள் மட்டும் டெலீட்டுக்குப் பதில் ‘எண்ட்’ விசையை அழுத்த வேண்டும். டெலீட்டை அழுத்தினால் எதிரே இருக்கும் உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரின் திரைதான் வரும். இதைக் கவனிக்காமல் அடுத்தவர் பாஸ்வேர்டுக்குப் பதில் தன் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டு முழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தொலைவிலிருந்து பாஸ்வேர்டை மாற்றும்போது, அந்தப் புது பாஸ்வேர்ட் எந்த வழியாகப் பயணம் போகிறது என்பதும் முக்கியம். ஒரு காலத்தில் ‘டெல்நெட்’ என்ற வழியில், அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் போஸ்ட் கார்டில் எழுதின மாதிரி போகும். நடுவில் இருப்பவர் படித்துக்கொள்ளலாம். 1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ அப்படித்தான் பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள். அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த டாட்டு யுலோனென் அதற்காகவே எழுதிய மென்பொருள்தான் ‘எஸ்.எஸ்.ஹெச்.’ இன்றைக்கு உலகத்தின் லினக்ஸ் சர்வர்களைத் தொலைவிலிருந்து நிர்வகிப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பாதையில்தான் போகிறார்கள். கம்ப்யூட்டர்கள் இப்படித் திருந்திவிட்டன. நாம்தான் புது பாஸ்வேர்டை மாற்றி முடித்த கையோடு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அன்று நானும் அண்ணனுக்கு அப்படித்தான் அனுப்பினேன், ஸ்மைலியோடு.

கம்ப்யூட்டரே இல்லை, போன் மட்டும்தான் என்பவர்களுக்கும் இதே கதை உண்டு. வெளியூரிலிருந்து மகனோ மகளோ அம்மாவின் ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள். ஜிமெயிலில் மாற்றினால் பெரும்பாலான சாதனங்களிலிருந்து கணக்கு வெளியேறிவிடும். அம்மா போனில் மெயிலும் போட்டோக்களும் நின்றுவிடும். மீட்பு நம்பராக அப்பாவின் பழைய நம்பர் இருந்தால், அது இப்போது யாரிடம் இருக்கிறதோ! முதலில் மீட்பு நம்பரைச் சரிசெய்யுங்கள், பிறகு பாஸ்வேர்டுக்குப் போங்கள். முடிந்தால் அம்மாவையே அடிக்கவிடுங்கள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிப்பார்கள், கால் மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

முன்பின் தெரியாதவர் போன் செய்து, ‘பாஸ்வேர்டை நான் மாற்றித் தருகிறேன், இந்த ஆப்பைப் போடுங்கள்’ என்றால் மட்டும் உடனே துண்டித்துவிடுங்கள். நான் திருப்பூர்த் திரையைப் பார்த்த மாதிரி அவர் உங்கள் திரையைப் பார்ப்பார், வங்கி ஓ.டி.பி. உட்பட. ரிசர்வ் வங்கி 2019-லேயே இதைப் பற்றி வங்கிகளை எச்சரித்தது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

நம்பர் மாறிய அடுத்த மாதம் 19-ம் தேதி இரவு அண்ணனிடமிருந்து போன்.

“அம்மிணி, என் போனுக்கு ஏதோ ஆறு நம்பர் வந்திருக்குது. எவனோ திருடப் பார்க்கறான்னு அழிச்சுட்டேன். அதென்ன, மறுபடியும் மறுபடியும் வந்துட்டே இருக்குது?”

பின்னால், புதிதாகச் சேர்ந்திருக்கும் கணக்காளர் பெண், “அண்ணா, அது நான்தாண்ணா!” என்று கத்துவது கேட்டது.